நூறு பேர் உட்கார வேண்டும்

நடுக்கரட்டுப்பட்டியில் நூறு பேரைக் கூட்டி உட்கார வைப்பது என்ன பெரிய காரியம் என்றுதான் மலையம்மாளும் முதலில் நினைத்தாள். ஓட்டு லிஸ்டில் ஆயிரத்துச் சொச்சம் பேர். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் மக்கள்தொகை என்று அதைவிடப் பெரிய எண்ணைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் நூறு என்றால் பத்துப் பதினைந்து பேருக்கு ஒரு ஆள். அம்மன் பொங்கலுக்கு வந்து நெரிகிற கூட்டத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒரு கணக்காகவே படவில்லை.

விஷயத்தைக் கொண்டு வந்தவன் பஞ்சாயத்து கிளார்க் இத்ரீஸ். உத்தமபாளையத்துக்காரன், தினமும் வண்டியில் வந்து போகிறவன். அன்றைக்கு ஓடையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேர் போல, ஓடைக்குள் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலை வெட்டிக் கரையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐப்பசிச் சாரல். மேற்கே மலை இருக்கிற இடமே தெரியாமல் மேகம் மூடியிருந்தது. இத்ரீஸ் வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டுச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தான்.

"மலையக்கா, நம்ம ஊர டவுனோட சேக்கப் போறாகளாம். பேப்பர் வந்திருச்சு."

"சேத்தாச் சேக்கட்டுமே தம்பி. தண்ணி வரும், லைட்டு வரும்ல?"

"தண்ணி வரும், லைட்டு வரும், வீட்டு வரியும் சேந்து வரும். இது போயிரும்." அவள் கையில் இருந்த மண்வெட்டியைக் காட்டினான். "நூறு நாள் வேல கிராமத்துக்கு மட்டுந்தானக்கா. டவுனாயிட்டா வேலக் கார்ட வச்சு விசிறிக்கிற வேண்டியதுதான்."

சுற்றி அருவாள் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

"வேணாம்னு சொல்ல வழியில்லையா?"

"இருக்கு. நவம்பர் ஒண்ணாந் தேதி கிராம சபை. வேணாம்னு தீர்மானம் போட்டு அனுப்பலாம். மேல என்ன செய்வாகளோ அது அவுக பாடு. ஆனா தீர்மானம்னு ஒண்ணு போனாத்தான் நம்ம வேணாம்னு சொன்னதே அங்கன தெரியும். அதுக்கு நூறு பேரு உக்காந்திருக்கணும். தொண்ணூத்தொன்பது இருந்தாலும் கூட்டம் செல்லாது."

"போன கூட்டத்துக்கு எத்தன பேரு வந்தாக?"

"இருபத்தாறு. சுண்டல் தீந்தப்பறம் பதினொண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். மலையம்மாளுக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவளுக்கு ஐம்பத்து நாலு வயசு. அதில் இருபத்திரண்டு வருசம் ஜீப்பில் ஏறிக் கேரளாக் காட்டுக்குப் போய் ஏலக்காய் எடுத்தவள். ஏலக்காய் மற்றக் காய்கள் மாதிரி கண்ணுக்கு நேரே தொங்காது. செடியின் தூரில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். காலையில் குனிந்த இடுப்பு சாயங்காலம்தான் நிமிரும். மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் ஆகியும் நிமிரவில்லை. கூட வந்தவர்கள் சாக்கில் படுக்க வைத்து நாலு மூலையைப் பிடித்து ஜீப்புக்குத் தூக்கி வந்தார்கள். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற ஜவ்வு தேய்ந்துபோய்விட்டது, இனிக் குனியக் கூடாது என்றார் டாக்டர். குனியாமல் செய்கிற வேலை இந்த ஊரில் எது இருக்கிறது? நூறு நாள் வேலையில்தான் முடியாதவளை நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றுகிற வேலையைக் கொடுப்பார்கள். முடிகிற நாளில் நாலு வெட்டு வெட்டலாம். சம்பளம் அவள் பேரில் பாங்கில் ஏறும். மாத்திரைக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். புருசனிடம்கூட வேண்டாம்.

அன்றைக்குச் சாயங்காலம் கேப்பைக் களியைக் கிண்டி, கருவாட்டுக் குழம்பை ஊற்றிக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். புருசன் நாகராஜ் திராட்சைத் தோட்டங்களில் காவாத்து வெட்டுகிறவர். நாளெல்லாம் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கொடியைக் கழிக்கிற வேலை. உட்கார்ந்தால் தோள் இரண்டும் தொங்கிப்போகும். அந்தத் தோளோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"டவுனாகட்டும்ங்கிறேன்."

"என்னங்க சொல்றீக?"

"உன் வேலயப் பாக்குற. உம்மகன் தலையப் பாத்தியா? காதோரம் நரைச்சிருச்சு. முப்பத்து மூணு வயசு. பொண்ணு கேட்டு நாலு எடம் போய் நாலும் கையக் கழுவிட்டாக. எதுக்கு? அவன் குடிக்கிறானா, கூத்தடிக்கிறானா? சொந்தமா லோடு ஆட்டோ ஓட்டுறான். ஊரு எதுன்னு கேப்பாக. சொன்னதும் வீட்டுக்குள்ள தண்ணி வருமான்னு கேப்பாக. அதோட காபித் தண்ணி வந்திரும், எந்திரிச்சு வர வேண்டியதுதான்."

மகன் மகிழன் தலையைக் குனிந்து களியை உருட்டிக்கொண்டிருந்தான். பேச்சு தன்னைப் பற்றியது இல்லை என்பது போல.

ஐந்தாவதாக ஒரு இடம் அப்போதுதான் வந்திருந்தது. போடி போகிற பாதையில் ஒரு ஊர். பெண் பேர் சிம்ரன், தேனியில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். பெண்ணுடைய அம்மா முத்துலட்சுமி தரகரிடம் ஒரே வார்த்தைதான் சொல்லி விட்டிருந்தாள். "அவுக ஊரு டவுனாகப் போகுதாமே. ஆகட்டும், அப்பறம் பேசுவோம்."

"ஆக, டவுனானாத்தான் அந்தப் பொண்ணு" என்றார் நாகராஜ். "நீ ஆளு சேத்துக்கிட்டுத் தெருத்தெருவா அலையப் போறியாக்கும். உம்மகன் கல்யாணத்த நிறுத்த ஊரக் கூட்டுறேன்னு தமுக்கடி, போ."

"நீ என்னய்யா சொல்ற?" என்று மகனைக் கேட்டாள்.

"நான் என்னத்தச் சொல்ல?" தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனான்.

கையில் பத்து நாள் இருந்தது. ஓடை வேலை முடிந்ததும் மலையம்மாள் ஒரு தெருவாக எடுத்துக்கொண்டு நடந்தாள். நடக்க நடக்கத்தான் கணக்கு தெரிந்தது. கீழத் தெருவில் இருபத்தொரு வீடு. ஒன்பது பூட்டு. பூட்டாத வீட்டிலும் நாலு ஓட்டுக்கு ஒரு ஆள்தான் இருக்கிறது. மகன் கோயமுத்தூர், மருமகள் கோயமுத்தூர், மகள் மெட்ராஸ், எல்லோருடைய ஓட்டும் நடுக்கரட்டுப்பட்டி. நடுத் தெருவில் ஒரு பூட்டில் சிலந்தி கூடு கட்டி அதுவும் காலி பண்ணிப் போயிருந்தது. தினமும் நடக்கிற தெருதான். ஆளை எண்ணுகிற வேலை வருகிற வரைக்கும் அவளுக்கும் அது உறைத்ததில்லை.

திருப்பூருக்கு போன் போட்டாள். நாத்தனார் மகன் எடுத்தான். பின்னால் தையல் மிஷின் இரைச்சல்.

"ஞாயித்துக்கிழமன்னா வந்திருவோம் அத்த. சனிக்கிழமயில வச்சிருக்காகளே. சம்பள நாளுல்ல. அன்னைக்கு லீவு போட்டா சூப்பர்வைசர் மூஞ்சியிலயே முழிக்க முடியாது."

"உங்க ஆளுக அங்கன எத்தன பேருடா இருக்கீக?"

"நம்ம ஊரு ஆளுகளா? இந்த ஒரு லைன்லயே நாப்பது பேரு இருப்போம் அத்த. பேசாம கூட்டத்த இங்கன போடச் சொல்லுங்க, நூறு என்ன, எரநூறு தேறும்."

தென்னந்தோப்பு ஓரத்தில் நார் மில். அதன் ஷெட்டில் பீகார்க் குடும்பங்கள் ஆறு இருக்கின்றன. அதில் பிங்கி என்கிற பெண் ஓடைப்பக்கம் வரும்போதெல்லாம் மலையம்மாளுக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவாள். நாலு வருசமாக இங்கேதான். மகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாவது படிக்கிறாள், வீட்டில் அம்மாவுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாள்.

"நா வருது அக்கா" என்றாள் பிங்கி. "எத்தன மணி?"

மலையம்மாள் சந்தோசமாகப் பேரைச் சேர்த்துக்கொண்டு இத்ரீஸிடம் போனாள். அவன் லிஸ்டைப் புரட்டவே இல்லை.

"அவுக ஓட்டு பீகார்லல்லக்கா இருக்கு. இங்கன ஓட்டு இருக்கவுகதான் சபை."

"அவ இங்கனதான தண்ணி பிடிக்கிறா, இங்கனதான சமைக்கிறா? திருப்பூருல கெடக்கவன் இந்த ஊரு ஆளு, இங்கன கெடக்குற இவ ஆளு இல்லையா?"

"சட்டம் அப்படிக்கா. எங்கிட்ட கோவிச்சு என்ன பண்ண?"

"உங்கிட்டத்தான் கோவிக்க முடியும். சட்டத்த நான் எங்க போய்ப் பாப்பேன்?"

எழுபத்து மூன்று பேர் தேறியது. மிச்சம் வேண்டுமானால் மலைக்குப் போகிறவர்களைத்தான் பிடிக்க வேண்டும். ஊரிலிருந்து நாலு ஜீப் போகிறது. விடியும் முன்னால் ஏறினால் சாயங்காலம் ஐந்துக்கு மேல்தான் இறங்குவார்கள். மலையம்மாள் ஆலமரத்து ஸ்டாப்பில் நின்றாள். ஞானதுரை ஓட்டுகிற ஜீப் வந்து நின்றதும் அதற்குள்ளிருந்து பெண்கள் ஒருத்தி மடியிலிருந்து ஒருத்தி பிரிந்து இறங்கினார்கள். தலையில் பிளாஸ்டிக் கவர், இடுப்பில் சாக்கு, உடம்பு முழுக்க ஏலக்காய் வாசம். கடைசியாகச் சங்கிலியம்மாள் இறங்கினாள். அந்த ஜீப்புக்கு ஆள் சேர்க்கிறவள் அவள். முன்னால் அந்த இடத்தில் மலையம்மாள்தான் இருந்தாள்.

"என்ன மதினி, மறுபடி மலைக்கு வாரியா? ஸ்டெப்னி டயரத் தூக்கிட்டு உனக்கு எடம் போடுறோம்."

"ஒரு நாளு நீங்க யாரும் மலைக்குப் போகக் கூடாது. அதக் கேக்கத்தான் வந்தேன்."

விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சங்கிலியம்மாள் கால் சேற்றை ஜீப் டயரில் தட்டினாள். "நல்லாருக்கே. உனக்கு நூறு நாளு வேல கிடைக்க நாங்க ஒரு நாளு வேலய விடணுமாக்கும். இப்ப காய் எடுப்பு நேரம். ஒரு நாளு போகலன்னா அங்கன ஜார்க்கண்ட் ஆளுக காட்டுக்குள்ளயே குடிசை போட்டு உக்காந்திருக்கு. சேச்சி நாளைக்கி வரண்டா, வர வேணாம்னு கங்காணி ஒரு வார்த்தை. முடிஞ்சது."

"கேக்குறது என் கடமை."

"கேட்டுட்ட. போய் இடுப்புக்கு ஒத்தடம் குடு."

மலையம்மாள் திரும்பி நடந்தாள். ஞானதுரை வண்டியை எடுக்காமல் ஸ்டீயரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து சங்கிலியம்மாள் குரல் வந்தது.

"மதினி, நில்லு. உன்னயச் சாக்குல தூக்கிட்டு வந்தோமே, அப்ப உனக்கு எத்தன வயசு?"

"அம்பத்தொண்ணு."

"எனக்கு இப்ப நாப்பத்தொன்பது." சங்கிலியம்மாள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஜீப்பிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்து இரைந்தாள். "ஏளா, எல்லாரும் கேட்டுக்கங்க. ஒண்ணாந் தேதி ஜீப்பு கிடையாது. மத்த மூணு ஜீப்புக்காரிககிட்டயும் நான் பேசிக்கிறேன். மலைய விட்டு எறங்குனா நமக்கும் அந்த ஓடை வேலதான். ஞானதுரை, வண்டிக்கு எதையாவது கழட்டிப் போட்டு வச்சிரு. கங்காணி கேட்டா பிரேக்கு பிடிக்கலன்னு சொல்லு."

"பிரேக்கு உள்ளபடிக்கே பிடிக்கலக்கா" என்றான் ஞானதுரை. "இத்தன நாளு உங்ககிட்டச் சொல்லல."

ஒன்றாம் தேதி விடிந்ததே தெரியவில்லை. அப்படி மழை. கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலுக்கு மாற்றியிருந்தார்கள். எதிர்த்தாற்போல் டீக்கடை, அதன் தகரத் தாழ்வாரத்தில் நாகராஜும் மகிழனும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மழையில் தோட்டத்து வேலை இல்லை, லோடும் இல்லை. வேடிக்கை பார்க்க மட்டும் வந்தோம் என்பது உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

பிரசிடெண்டு காலம் முடிந்து போனதால் மேலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். ஜாய்ஸ் என்று பேர். நனைந்த புடவை ஓரத்தைப் பிழிந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்கள் குடையிலும் சாக்கிலும் வந்துகொண்டே இருந்தார்கள். வாசலில் நோட்டு. கையெழுத்துப் போட்டவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் பெருவிரலை உருட்டினார்கள். பிங்கியும் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். கணக்கில் இல்லை என்று சொல்லியும், "பரவால்ல, சும்மா இருக்குது" என்றாள். பதினொரு மணிக்கு நோட்டில் நூற்றுப் பதின்மூன்று பேர் ஏறியிருந்தது. இத்ரீஸ் போனை உயர்த்திப் பிடித்து, "எல்லாரும் இங்கன பாருங்க" என்று ஒரு போட்டோ எடுத்தான். மலையம்மாள் முன்வரிசையில் ஓரச் சுவரை ஒட்டி இடம் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டாள். நூற்றுப் பதின்மூன்று. அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

ஜாய்ஸ் வாசிக்க ஆரம்பித்தார். கொசு மருந்து, குடிநீர்த் தொட்டி, குப்பை பிரிப்பது, பள்ளிக்கூடத்து ஓடு, வரவு செலவு. ஒன்றும் விட முடியாது, வரிசைப்படிதான் போக வேண்டும் என்றார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு, "அடுத்தது, ஊராட்சியை நகராட்சியுடன் இணைப்பது பற்றி" என்று நிமிர்ந்தவர், அப்படியே ஹாலைப் பார்த்தார்.

"தம்பி, ஒருதடவ எண்ணுங்க."

இத்ரீஸ் எண்ணினான். மறுபடி எண்ணினான். "அறுவத்து நாலு மேடம்."

மலையம்மாள் திரும்பிப் பார்த்தாள். பின்பாதி ஹாலில் ஈரமான காலடிகள்தான் இருந்தன. ஆட்கள் இல்லை.

வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். எதிர் வீட்டுத் தாழ்வாரத்தில், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஹாலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த கீழத் தெருக்காரி ஒருத்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா! எந்திரிச்சு ஏன் வந்த?"

"போட்டோ எடுத்தாச்சேக்கா" என்றாள் அவள், ஒன்றும் தெரியாத முகத்தோடு. "அடுத்த போட்டோ ரெண்டு மணிக்குத்தான? அதுக்குள்ள ஒரு குழம்பக் கூட்டி வச்சிட்டு வந்திரலாம்னு..."

மலையம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஓடை வேலையில் அப்படித்தான். காலையில் பொறுப்பாளர் பிள்ளை போனில் ஒரு போட்டோ எடுக்கும், மத்தியானம் ஒன்று. காலைப் போட்டோ எடுத்துவிட்டால் பாலூட்டுகிறவள் ஓடுவாள், ஆட்டை மாற்றிக் கட்டுகிறவள் போய் வருவாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வருசக்கணக்கில் பழகிய பழக்கம். இத்ரீஸ் போட்டோ எடுத்ததும், வந்த காரியம் முடிந்தது என்று ஐம்பது பேர் நிம்மதியாக எழுந்து போயிருக்கிறார்கள். திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முன்னொரு நாள் அவளே அப்படி வந்து குழம்பு கூட்டியிருக்கிறாள்.

"அரை மணி நேரம் ஒத்தி வைக்கிறேன்" என்றார் ஜாய்ஸ். "அதுக்கு மேல என்னால முடியாதும்மா. அடுத்த ஊருலயும் கூட்டம் இருக்கு."

ஜீப் பெண்கள் மழைக்குள் இறங்கினார்கள். சங்கிலியம்மாள் தெருவில் நின்று போட்ட சத்தத்துக்கு அடுப்பில் இருந்த உலை இறங்கியது. மலையம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடுத் தெருவுக்குள் போய் ஏழு பேரைக் கூட்டி வந்தாள். ஒருத்தி மாவுக் கையோடு வந்தாள். ஒருத்தர் பாதி சவரம் பண்ணின முகத்தோடு வந்தார். டவுன் பஸ்ஸைப் பிடித்துக் கம்பத்துக்குப் போய்விட்டவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை.

இத்ரீஸ் இந்த முறை ஆள் ஆளாகத் தொட்டு எண்ணினான்.

"தொண்ணூத்தெட்டு."

கூரையில் மழைச் சத்தம் மட்டும். பிறகு ஒவ்வொரு தலையாக டீக்கடைப் பக்கம் திரும்பியது. தகரத் தாழ்வாரத்தின் கீழே நாகராஜ், மகிழன். இரண்டு பேர். இரண்டு ஓட்டு.

"கூப்பிடு மதினி" என்றாள் சங்கிலியம்மாள்.

"மாட்டேன்."

"எங்களக் கூப்பிட வாய் இருந்துச்சு, சொந்தப் புருசனக் கூப்பிட வாய் இல்லையா?"

"உங்களுக்கு இதுல நல்லது இருக்கு, கூப்பிட்டேன். அவுகளுக்கு என்ன இருக்கு? அவன் கல்யாணத்துக்கு அவனையே குறுக்க வந்து உக்காருன்னு பெத்தவ நான் எப்படிக் கூப்பிட?"

ஜாய்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். சங்கிலியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஏண்ணே நாகராசண்ணே! அந்தப் பெஞ்சுக்குப் பட்டா வாங்கிட்டியா? ஊரே இங்கன உக்காந்திருக்கு, நீ அங்கன உக்காந்து டீக் கிளாஸ நக்கிக்கிட்டிருக்க?"

"எங்க விருப்பம்!" என்று அங்கிருந்து குரல் வந்தது. "டவுனானாத்தான் உனக்குப் புத்தி வரும்!"

மகிழன் எழுந்தான். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினான்.

"ஏலே, எங்கடா போற?"

மகிழன் நேராக ஹாலுக்குள் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கதவோரமாகக் கடைசியில் உட்கார்ந்தான். அம்மாவைப் பார்க்கவில்லை. தொண்ணூற்றொன்பது. நாகராஜ் பெஞ்சில் மகன் விட்டுப்போன இடத்தைப் பார்த்தார். அப்புறம் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவரும் மழையில் இறங்கினார்.

வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "கணக்குக்கு உக்காருறேன். கை தூக்க மாட்டேன். அதையும் எழுதிக்கங்க."

"யாரையும் கட்டாயப்படுத்தலைங்க, உக்காருங்க" என்றார் ஜாய்ஸ்.

தீர்மானத்தை வாசித்தார். எங்கள் ஊராட்சியை நகராட்சியுடன் இணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சம்மதிக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள். மலையம்மாள் வலக் கையைத் தூக்கினாள். பின்னால் புடவைகளும் சட்டைகளும் உரசுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்ரீஸ் நடந்து நடந்து எண்ணினான். கை கனத்தது.

"தொண்ணூத்தொன்பது மேடம். ஒருத்தர் தூக்கல."

தூக்காத கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அதுதான் வாசலிலேயே சொல்லியாயிற்றே. சிலர் சிரித்தார்கள். மகன் தூக்கிவிட்டானே என்று மலையம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு நான் என்ன செய்தேன் என்று இருந்தது.

மொச்சைச் சுண்டலை வாங்கிக்கொண்டு கூட்டம் கலைந்தது. மழை சாரலாகக் குறைந்திருந்தது. மகிழன் முன்னாலேயே போய்விட்டான். நாகராஜ் குடையை மனைவி பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"சொன்னபடியே கை தூக்காம உக்காந்திட்டீக" என்றாள்.

"எங்க அப்படி உக்காந்தேன்?" அவர் ரோட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ ஒரு கைய மேல தூக்கிக்கிட்டு, இன்னொரு கைய இடுப்புல ஊனிக்கிட்டு உக்காந்திருந்த. கை நடுங்குது. கடைசியில இருந்து அதான் தெரிஞ்சது எனக்கு. நாளெல்லாம் கையத் தூக்குறவன் நான், கைவலி எனக்குத் தெரியாதா? தூக்கிட்டேன்."

மலையம்மாள் நின்றுவிட்டாள். குடை நாலடி முன்னால் போய்த் திரும்பி வந்தது.

"அப்ப அவனா?"

நாகராஜ் குடையை அவள் தலைக்கு மேலே கொண்டு வந்து பிடித்தார்.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டாள். மகிழன் சாப்பிட்டான். அவன் பேசுவான் என்று அவளும், அவள் கேட்பாள் என்று அவனும் இருந்தார்கள். கடைசியில் அவள்தான் கேட்டாள்.

"எதுக்குய்யா வந்து உக்காந்த?"

"நீ கூப்பிடல. அதான் வந்தேன்."

"அப்பறம் கை?"

மகிழன் தண்ணீரைக் குடித்துவிட்டுத் தம்ளரை வைத்தான். "உனக்கு வேல போகக் கூடாதுதாம்மா. ஆனா எனக்கும் ஒரு வீடு வேணும்ல. நாலு எடத்துல போய் உக்காந்து, ஊரு பேரச் சொல்லிட்டு அவுக மூஞ்சியப் பாத்தது நீ இல்ல, நான். உனக்காகத் தூக்கியிருந்தா அது பொய்யி. அப்பா முன்னயே சொல்லிட்டாரேன்னு, தூக்காதது அவருதான்னு எல்லாரும் அவரப் பாத்துச் சிரிச்சாக. அதான் கஷ்டமா இருந்துச்சு."

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு என்னவோ செய்தது. இவன் பேசத் தெரியாத பிள்ளை என்று இத்தனை வருசம் நினைத்திருந்தோமே என்று யோசித்தபடி, சட்டியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். தான் செய்தது தப்பில்லை. அவன் செய்ததும் தப்பில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டும் சரியாக இருந்தால் மனுசி எந்தப் பக்கம் போய் அழுவது?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. மலை கழுவிவிட்டது போலத் தெரிந்தது. மகிழன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மலையம்மாள் தரகரிடம் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். புருசனிடமும் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து போட்டாள்.

"மதினி, நான் நடுக்கரட்டுப்பட்டியில இருந்து மலையம்மா பேசுறேன். மகிழன் அம்மா."

"சொல்லுங்க மதினி" என்றது முத்துலட்சுமியின் குரல். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"எங்க ஊரு டவுனாகுமா ஆகாதா தெரியல. ஆகக் கூடாதுன்னு நேத்து தீர்மானம் போட்டு அனுப்பிட்டோம். ஆளு சேத்தது நான்தான். இன்னொருத்தர் சொல்லி உங்களுக்குத் தெரியக் கூடாது, அதான் நானே சொல்றேன். வீட்டுக்குள்ள குழாய் கிடையாது. தெருக் குழாய்தான். அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்."

"ம்."

"இன்னொண்ணும் சொல்லிப்புடுறேன். நூறு பேரு உக்காந்த எடத்துல தொண்ணூத்தொன்பது கை மேல போச்சு. போகாத ஒத்தக் கை என் மகன் கை. பெத்த தாய் முன்னால இருக்கேன், ஊரே இருக்கு. அப்பவும் மனசுல இல்லாததுக்குக் கை தூக்கல. ஆனா எனக்கு ஆளு கொறையுதுன்னதும் மழையில எந்திரிச்சு வந்து உக்காந்தான். அவன் அப்படி ஆளு மதினி. இதுக்கு மேல அவனப் பத்திச் சொல்ல எனக்கு ஒண்ணும் தெரியல."

வண்டி துடைக்கிற சத்தம் நின்றிருந்தது. மகிழன் ஈரத் துணியோடு வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றான். தலை மட்டும் தெரிந்தது.

முத்துலட்சுமி வைத்துவிட்டாளோ என்று மலையம்மாள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"மதினி, உங்க ஊருல இன்னும் கார்டுக்கு வேல குடுக்குறாகளா?"

"குடுக்குறாக. ஓடை வேல ஓடுது."

"எங்க ஊரு போன வருசம் டவுனோட சேந்திருச்சு. எங்க தெருவுக்கு வீட்டுக்குள்ளயே குழாய் போட்டாக. நல்லாத்தான் இருக்கு, இல்லங்கல. ஆனா வேல நின்னு போச்சு. இப்ப மூணு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேன். சொந்தக்காரக தெருவுல போக முடியல, அதனால சுத்திப் போறேன்." குரல் தணிந்தது. "எம் மகளாவது குடத்தத் தூக்காம இருக்கட்டும்னுதான் அப்படிச் சொல்லி விட்டேன். வேற எண்ணமில்ல."

"அதுல தப்பே இல்ல மதினி. பெத்தவ வேற எப்படிச் சொல்லுவா?"

"பொறுங்க, குக்கர எறக்கிட்டு வாரேன்."

மலையம்மாள் காத்திருந்தாள். பாத்திரம் வைக்கிற சத்தம், யாரோ யாரையோ அதட்டுகிற சத்தம், பிறகு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"மதினி, இருக்கீகளா? வார புதன்கிழமை எனக்கு மத்தியானத்துக்கு மேல வேல இல்ல. வாங்க. பொண்ணு பாக்கன்னு வேணாம், பூ, பழம்னு ஒண்ணும் தூக்கிட்டு வர வேணாம். நீங்க மட்டும் வாங்க. அந்தக் கூட்டத்த எப்படிக் கூட்டுனீகன்னு எனக்கு முழுசாச் சொல்லணும்."